பழைய கரி அடுப்பில் புள்ளி ஒட்டாக இருக்கும் பாகங்களைக் கெடாமல் பிரித்தெடுப்பது எப்படி?

குளக்கரை (இரணைமடுப் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த உறவினர் ஒருவர் திரும்பிப் போகும்போது தன் கரி கிரில் அடுப்பை எங்கள் வளவில் விட்டுச் சென்றார். மூடி உள்ள வகை. நான்கு கால்கள், அடியில் இழுத்தெடுக்கும் சாம்பல் தட்டு. இரண்டு மாரி மழையில் நனைந்ததில் தொட்டியின் அடிப்பக்கம் கறள் தின்று, விரலால் அழுத்தினாலே உதிர்கிறது.

ஆனால் உள்ளே கரித்தட்டைத் தாங்கும் இரண்டு சட்டங்கள், சாம்பல் தட்டு ஓடும் வழிகள், மூடியின் பிணைச்சல்கள், காற்றுத் துவாரத்தைத் திறந்து மூடும் சறுக்குத் தகடு எல்லாம் கெடாமல் உறுதியாக இருக்கின்றன. நெடுக்காக இரண்டாகப் பிளந்த இரும்புப் பரல் (பீப்பாய்) ஒன்று என்னிடம் இருக்கிறது; ஒரு பாதி தொட்டிக்கு, மறுபாதி மூடிக்கு. இந்தப் பாகங்களை அதற்கு மாற்றினால் குளத்து மீன் சுடுவதற்கு ஆயுளுக்கும் போதுமான அடுப்பு கிடைக்கும்.

சிக்கல் இதுதான்: எதற்கும் போல்ட் இல்லை, ஆணி இல்லை. எல்லாமே ஸ்பொட் வெல்டிங் (புள்ளி ஒட்டு). வெளியே சின்னச் சின்னக் குழிவுகள் மட்டும் தெரிகின்றன. உளியை வைத்து அடித்தால் சட்டம் வளைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்னிடம் கை ட்ரில் ஒன்றும் நாலு அங்குலக் கிரைண்டர் ஒன்றும் உள்ளன. செய்து பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பாலைமரம் (ஒட்டுசுட்டான்)

கிரைண்டர் இருக்கும்போது என்ன யோசனை? வெட்டுத் தட்டைப் போட்டுச் சட்டத்தைச் சுற்றித் தொட்டியை வெட்டி எடுங்கள். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் தகட்டோடு சேர்த்தே பரலில் போல்ட் அடித்து விடலாம். அரை நாள் வேலை.

உண்மையில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதையும் செய்ய மாட்டேன். இரும்புக் கடையில் ஓர் அங்குல ஆங்கிள் (L வடிவ இரும்பு) வாங்கினால் இதைவிடத் தடித்த சட்டம் கிடைக்கும். பழையதைப் பிரிக்கச் செலவாகும் வெட்டுத் தட்டுகளின் விலையையும் கணக்கில் எடுங்கள்.

ஒட்டுப்பட்டறை (மாங்குளம்)

தம்பி குளக்கரை, கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தகடு அழிய வேண்டும், எந்தத் தகடு வாழ வேண்டும்? இந்த வேலையில் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

புள்ளி ஒட்டு என்பது இரண்டு தகடுகளை இரண்டு செப்பு முனைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, ஆயிரக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை விநாடியின் சிறு பங்குக்குப் பாய்ச்சுவது. தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் தடை அதிகம். அங்கேதான் சூடு ஏறி உருகுகிறது. ஒட்டுக்குச்சியோ கம்பியோ எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டு தகட்டின் இரும்பும் கலந்து நடுவில் வட்டமான ஒரே கட்டியாகிவிடுகிறது. 1 மில்லிமீட்டர் தகட்டில் அந்தக் கட்டி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆகவே அதைக் கழற்றுவது என்ற பேச்சே கிடையாது. ஒரு பக்கத் தகட்டைத் தின்னக் கொடுத்தால்தான் மற்றது விடுபடும். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் எட்டுவதற்கு எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கத்திலிருந்து துளைத்துவிட்டு, வேண்டிய பாகத்தைச் சல்லடையாக்கிக் கொண்டுவருகிறார்கள். துளை எப்போதும் எறியப்போகும் தகட்டில்தான் விழ வேண்டும். உங்கள் விஷயத்தில் அது தொட்டி. ஆகவே வெளிப்பக்கமிருந்து உள்நோக்கி.

இன்னொன்று. உங்கள் தொட்டி ஏற்கெனவே மெலிந்த தகடு. கறளால் இன்னும் மெலிந்திருக்கும். சட்டமோ தடிப்பு. அப்படியானால் பல புள்ளிகளுக்குத் துளையே தேவைப்படாது. பாலைமரம் சொன்னதுபோல் சட்டத்தைச் சுற்றி வெட்டுங்கள், ஆனால் ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று சென்ரிமீட்டர் நாக்குப்போலத் தகட்டை நீட்டி விடுங்கள். சட்டத்தை வைஸில் இறுக்கி, நாக்கைப் பெரிய குறட்டால் பிடித்து, பாயைச் சுருட்டுவதுபோல மெல்லச் சுருட்டிக்கொண்டே போங்கள். புள்ளி வரும்போது மெல்லிய தகடு கட்டியைச் சுற்றிக் கிழிந்து, கட்டி தடித்த சட்டத்தில் தங்கிவிடும். தொழிற்சாலைகளில் ஒட்டின் தரத்தைப் பார்ப்பதும் இப்படித்தான்: தகட்டை உரித்துப் பார்ப்பார்கள், கட்டி முழுதாகத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்தால் ஒட்டு நல்லது. பின்னர் அந்தக் கட்டியைக் கிரைண்டரால் மட்டமாக்கினால் சட்டத்தில் ஒரு துளைகூட இருக்காது.

இது ஒரு நிபந்தனையோடு: வேண்டிய பாகம் தடிப்பாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தடிப்பு என்றாலோ, உங்களுக்கு வேண்டியது மெல்லியது என்றாலோ, சுருட்டினால் எது கிழியும் என்று சொல்ல முடியாது. அங்கே ட்ரில்தான்.

ஆங்கிள் வாங்குவது பற்றி: சட்டத்துக்குச் சரி. சறுக்குத் தகட்டையும் பிணைச்சலையும் ஆங்கிளில் செய்ய முடியாது. அவைதான் ஒரு கரி அடுப்பின் உயிர்.

குளக்கரை

மிக்க நன்றி அண்ணை. அளந்து பார்த்தேன். சட்டம் 1.5 மில்லிமீட்டர், தொட்டி கறள் இல்லாத இடத்தில் 0.8. அங்கே சுருட்டும் வழியைப் பார்க்கிறேன். ஆனால் சறுக்குத் தகட்டின் பிடியும் பிணைச்சலின் ஒரு பாதியும் மூடியில் ஒட்டப்பட்டுள்ளன. மூடி கறுப்பாகப் பளபளக்கிறது, கண்ணாடிபோல வழுவழுப்பு. அங்கே குழிவு எதுவுமே கண்ணுக்குத் தெரியவில்லை. புள்ளி எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பனிநாட்டு வன்னியான் (டொரொண்டோ, ஊர் மல்லாவி)

தம்பி, உங்கள் மூடிக்குப் பூசியிருப்பது பெயின்ட் அல்ல, எனாமல். கண்ணாடித் தூளைப் பூசி 800 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் உருக்கி எடுப்பது. இங்கே கோடை முழுவதும் வெளியே நிற்கும் கரி அடுப்புகளில் பல இந்த வகைதான். எனாமல் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே முதலில் ஒட்டிவிட்டுப் பிறகுதான் பூசுவார்கள். குழிவுகள் எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு அடியில் மறைந்துவிட்டன.

வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, கண்ணைத் தகட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மென்மையான பள்ளம் நிழலாகத் தெரியும். தெரியாவிட்டால் பிணைச்சலுக்கும் மூடிக்கும் இடையிலுள்ள விளிம்பில் ஒரு மெல்லிய ஆக்சோ (இரும்பு அறுக்கும் வாள்) அலகைச் செருகி நகர்த்துங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே புள்ளி. இரண்டு பக்கமிருந்தும் செருகிக் கோடு போட்டால் இடம் பிடிபட்டுவிடும்.

இனி முக்கியமானது. எனாமல்மீது ட்ரில்லை நேரே வைக்காதீர்கள். அது பிட்டின் கூர்முனையை உடனே மழுக்கிவிடும். கண்ணாடிச் சில்லுகள் ஊசிபோலத் தெறிக்கும். புள்ளிக்குமேல் ஒரு ரூபாய்க் காசளவு இடத்தை முதலில் கிரைண்டரால் உரசி இரும்பை வெளியே கொண்டுவாருங்கள். பக்கங்கள் மூடிய கண்ணாடி, முகக்கவசம், கைமுழுக்கச் சட்டை மூன்றும் வேண்டும். சில்லுகளைக் கையால் கூட்டாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். சமையல் பாத்திரத்துக்கு அருகே இந்த வேலை வேண்டாம்.

தொழில்நுட்ப மாஸ்ரர் (வவுனியா)

பட்டறைக்காரர் சொன்னதற்குமேல் ட்ரில் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பலர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

கடையில் வாங்கும் சாதாரண ட்ரில் பிட்டின் முனை 118 பாகைக் கூம்பு. 8 மில்லிமீட்டர் பிட்டில் அந்தக் கூம்பின் உயரம் மட்டும் 2.4 மில்லிமீட்டர். தொட்டியின் தகடு 0.8. அதாவது பிட்டின் முழு அகலமும் மேல் தகட்டை வெட்டி முடிப்பதற்குள் முனை கீழ்த் தகட்டில் 1.6 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது; உங்கள் 1.5 மில்லிமீட்டர் சட்டம் அத்தோடு ஓட்டை. கை எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. அதனால்தான் கார் கராஜ்களில் புள்ளி ஒட்டு வெட்டுவதற்கென்று தனிப் பிட் வைத்திருக்கிறார்கள். முனை தட்டை, நடுவில் மட்டும் ஒரு சின்னக் கூர். அது மேல் தகட்டை வட்டமாக வெட்டிக் கட்டியை விடுவித்துவிட்டு, கீழ்த் தகட்டில் ஒரு சின்னத் தழும்போடு நின்றுவிடும்.

குழிவின் நடுவில் சென்டர் பஞ்ச் (கூர்முனை உளி) வைத்து ஆழமாக ஓர் அடி அடித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒட்டின் கட்டி செப்பு முனைகளுக்கு நடுவில் சட்டெனக் குளிர்ந்தது. சுற்றியிருக்கும் தகட்டைவிடச் சற்றுக் கடினம். பஞ்ச் அடிக்காத பிட் கடினமான இடத்திலிருந்து மென்மையான விளிம்புக்கு வழுக்கி ஓடிப் பாதிக் கட்டியை விட்டுவிடும். அந்தப் பாதியே பிறகு உளி வேலையில் சட்டத்தை வளைப்பது.

வேகம். சாதாரண உருக்குக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால், 8 மில்லிமீட்டர் பிட் நிமிடத்துக்கு 1000 சுற்று அளவில் ஓடலாம். சறுக்குத் தகட்டைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். காந்தம் பிடிக்காவிட்டால் அது பெரும்பாலும் 304 வகைக் கறையில் உருக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). அதற்கு வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, சுருள் சுருளாகத் துருவல் வரும்படி வெட்ட வேண்டும். அழுத்தாமல் பிட்டை அதே இடத்தில் சுழல விட்டால் அந்த உருக்கு உரசலிலேயே இறுகிவிடும். பிறகு அதே பிட்டால் அந்த இடத்தைத் துளைப்பது பெரும் பாடு. கோபால்ட் கலந்த பிட் இருந்தால் நல்லது. வெட்டு எண்ணெய் இல்லாதவர்கள் தேங்காய் எண்ணெயைத் துளித்துளியாக விடலாம்.

பாலைமரம்

மாஸ்ரர் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தனிப் பிட்டை ஒட்டுசுட்டானில் எந்தக் கடையில் வாங்குவது? ஓர் அடுப்புக்காகக் கொழும்பிலிருந்து தருவிப்பது நியாயமா? இந்த ஊரில் இருக்கும் கருவியைக் கொண்டு முடிக்கும் வழிதான் வழி.

கிரைண்டரில் நான் செய்வதைச் சொல்கிறேன். உரசும் தட்டைத் தட்டையாகச் சாய்த்து, புள்ளிக்குமேல் உள்ள எறியப்போகும் தகட்டை மட்டும் மெல்ல மெல்லத் தேய்ப்பேன். தகடு தாள்போல மெலியும்போது புள்ளியைச் சுற்றி நீல நிற வளையம் தோன்றும். அதோடு நிறுத்திவிட்டு மெல்லிய உளியை இரண்டு தகட்டுக்கும் நடுவில் விட்டு ஒரு தட்டு. பிரிந்துவிடும். பிட்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

ஒட்டுப்பட்டறை

பாலைமரம் சொல்லும் முறை நல்ல முறை, நானும் செய்வேன். நீல வளையம் தெரிவதும் உண்மை. மெலிந்த தகடு சூட்டை அடியில் கடத்த முடியாமல் அங்கேயே நிறம் மாறுகிறது. ஆனால் வெளிப்பக்கம் திறந்த இடத்துக்கு மட்டும்தான் அது. பிணைச்சலின் மடிப்புக்குள்ளும் மூலைக்குள்ளும் நாலு அங்குலத் தட்டு போகாது. போக வைத்தால் பக்கத்துச் சுவரையும் வெட்டிவிடும்.

பிட் இல்லை என்ற கவலைக்கு வழி இருக்கிறது. மழுங்கிப்போன 8 மில்லிமீட்டர் பிட் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். அதன் கூம்பை அரைக்கல்லில் தட்டையாகத் தேய்த்து, நடுவில் ஒரு மில்லிமீட்டர் உயரக் கூர்முனையை மட்டும் விட்டு, இரண்டு வெட்டு விளிம்புகளுக்கும் பின்னால் சிறிய சரிவு கொடுங்கள். இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அதுதான் கைத்திறன். முதலில் எறியும் தகட்டில் பழகிப் பாருங்கள். தேய்க்கும்போது பிட் நீலமாகும்வரை சூடேற விடாதீர்கள்.

பொருளாதாரத் தடை இருந்த 90களில் இரும்பும் எரிபொருளும் பற்றரியும் இங்கே வராத காலத்தில் இந்த நிலத்தில் பட்டறை வைத்திருந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் கருவி செய்தார்கள். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அந்தக் கை இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதனால்தான் ஓர் அடுப்பின் சட்டத்தை எறியாமல் கேட்கிற பிள்ளையைக் கண்டால் எனக்கு நேரம் போவது தெரிவதில்லை.

கிரைண்டர் பற்றி ஒன்று. இப்போது சோளகம் வீசுகிறது. பொறி பத்தடி தாண்டிப் போகும். கிடுகு வேலிக்கும் வைக்கோலுக்கும் பக்கத்தில் வேண்டாம். மணல் தரையில், காற்றுக்கு முதுகு கொடுத்து, ஒரு வாளி தண்ணீரோடு செய்யுங்கள். தட்டின் காவல் மூடியைக் கழற்றாதீர்கள். தட்டில் எழுதியுள்ள சுற்று வேகம் உங்கள் இயந்திரத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்தே பூட்டுங்கள்.

முறிகண்டிக் கடை

நான் வெல்டிங் வேலை அறியாதவள். ஆனால் பதினைந்து வருடமாக வீதியோரத்தில் கரியில் சுட்டு விற்கிறேன். இந்த இழையில் எல்லோரும் எப்படிப் பிரிப்பது என்றே பேசுகிறீர்கள். எதைப் பிரித்து எதற்கு வைப்பது என்பதையும் கேட்க வேண்டும் தம்பி.

சட்டம், பிணைச்சல், காற்றுத் தகடு எல்லாம் சாப்பாட்டைத் தொடாதவை. அவற்றை மாற்றுங்கள். மேலே மீன் வைக்கும் கம்பித் தட்டு எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. குரோம் பூச்சு உரிந்து செதிலாக வருகிறதென்றால் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் செதில் மீனோடு போகும். பழைய கம்பித் தட்டுக்குப் பதிலாக, உடைந்த குளிர்சாதனப் பெட்டியின் கம்பித் தட்டை எடுத்து அடுப்பில் போடுவதை எங்கள் பக்கத்தில் நிறையக் காண்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய பெட்டிகளின் தட்டுகளில் கட்மியம் பூசியது உண்டு. அது கரிச் சூட்டில் ஆவியாகி உணவிலும் மூச்சிலும் ஏறும் நஞ்சு. நாகம் (துத்தநாகம்) பூசிய வலையும் அப்படியே வேண்டாம்.

காற்றுத் தகட்டைப் பற்றிப் பட்டறை அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு. என் கடையில் முதலில் இருந்தது வெறும் பரல், துவாரம் போட்டது. சோளகத்தில் சிரட்டைக்கரி அரை மணியில் சாம்பலாகிவிடும். மீன் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். திறந்து மூடும் தகடு வைத்த பிறகு அதே கரி இரண்டு மடங்கு நேரம் நிற்கிறது. விராலுக்கு அடக்கமான சூடு வேண்டும். மேலே ஒரு துவாரம், கீழே ஒரு துவாரம், இரண்டுக்கும் தகடு. கீழ்த் துவாரம் காற்று வரும் பக்கம் பார்த்து இருக்கக் கூடாது.

மண்வாசம் (புதுக்குடியிருப்பு)

பரல் என்று சொன்னீர்கள், எந்தப் பரல் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். பூச்சிநாசினி வந்த பரல் என்றால் அதை எத்தனை முறை எரித்தாலும் அடுப்பாக்காதீர்கள். எரிபொருளோ எண்ணெயோ வந்ததென்றால், பிளப்பதற்கு முன் எல்லா மூடியையும் கழற்றி, தண்ணீர் நிரப்பி, ஆவி போன பிறகுதான் கிரைண்டர் வைக்க வேண்டும். வெறுமையாகத் தெரியும் மூடிய பரலுக்குள் மிச்ச ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். உங்களுடையது ஏற்கெனவே பிளந்தது. அந்த ஆபத்து கழிந்தது. மற்றவர்கள் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

அடுத்தது. பெயின்ட்டை எரித்து நீக்குவதற்குப் பெரிய தீ மூட்டுவீர்கள். அதை எங்கே மூட்டுகிறீர்கள் என்று யோசியுங்கள். போர் முடிந்து இவ்வளவு காலமாகியும், குப்பைக்குத் தீ வைத்த இடத்தில் மண்ணுக்குள் கிடந்தது வெடித்துக் காயப்பட்டவர்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். உழுது பயிர் செய்த, நன்கு பழகிய நிலத்தில் மட்டும் தீ மூட்டுங்கள். முடிந்தால் தரைக்குமேல் கற்களில் உயர்த்தி வையுங்கள்.

பழைய இரும்பு தேடிக் காட்டோரம் போவதும் வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவன் நான். இரும்பு பொறுக்கப் போன பிள்ளைகள் கொண்டுவந்த பொருள்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடையாளம் தெரியாத குழாய், மூடிய உருளை, செட்டை வைத்த இரும்பு எதையும் தொடாமல், அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்து, வந்த வழியே திரும்பி 119க்குச் சொல்லுங்கள். அவற்றைத் துளைப்பது, தட்டுவது, வைஸில் இறுக்குவது எதுவும் செய்யக் கூடாது. குளக்கரை போல வீட்டில் இருக்கும் பொருளைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதுதான் நான் விரும்பும் வழி.

குளக்கரை

எல்லோருக்கும் நன்றி. வேலை பெரும்பகுதி முடிந்தது, ஒழுங்காகச் சொல்கிறேன்.

கரித்தட்டுச் சட்டங்கள் இரண்டும் சுருட்டும் முறையிலேயே வந்துவிட்டன. கறள் பிடித்த பக்கத்தில் தகடு சாதுவாகக் கிழிந்தது. மேல்பக்கம், தகடு இன்னும் நன்றாக இருந்த இடத்தில், குறட்டின் பிடிக்கு ஒரு முழ நீளக் குழாயைச் செருகி இழுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் கட்டி சட்டத்தில் தங்கியது. அதை உரசி எடுத்தபிறகு கையால் தடவினால் புள்ளி இருந்த இடம் தெரியவில்லை. சட்டம் வளையவும் இல்லை.

சாம்பல் தட்டு வழிகள் மெல்லியவை, தொட்டியின் அதே தடிப்பு. அவற்றுக்குப் பட்டறை அண்ணை சொன்னபடி பக்கத்துக் கராஜில் கேட்டு வாங்கிய பழைய பிட்டின் முனையைத் தட்டையாக்கினேன். மேல் தகடு வெட்டுப்பட்டதும் சத்தம் மாறுகிறது. துருவலின் நிறமும் மாறுகிறது, கறள் கலந்த பழுப்பு போய்ச் சுத்தமான வெள்ளைத் துருவல் வரும். அங்கே நிறுத்திவிடலாம். இதை எழுதி வைப்பது பிறருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

மூடியில் எனாமலை உரசி எடுப்பதுதான் பொறுமையைச் சோதித்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளம் தெரியவில்லை. ஆக்சோ அலகுதான் புள்ளிகளைக் காட்டியது. காற்றுத் தகட்டைக் காந்தம் பிடிக்கவில்லை. மெதுவாக, அழுத்தி, தேங்காய் எண்ணெயோடு வெட்டினேன். சுருள் வந்தது.

முறிகண்டி அக்கா, கம்பித் தட்டு செதில் உரிந்துதான் இருந்தது. பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. மண்வாசம் அண்ணை, பரல் தேங்காய் எண்ணெய் வந்தது, தெரிந்த ஆலையில் வாங்கியது. தீயை வீட்டு முற்றத்தில், கல்லின்மேல் வைத்துத்தான் மூட்டினேன்.

இனிப் பரலில் பொருத்த வேண்டும். திரும்ப ஒட்டுவதா, போல்ட்டா, ரிவெட்டா?

பாலைமரம்

ரிவெட். அதை அடிக்கும் ரிவெட் துப்பாக்கி இருந்தால் பத்து நிமிட வேலை. பார்வைக்கும் சுத்தம்.

தொழில்நுட்ப மாஸ்ரர்

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரிவெட் அலுமினியம். அலுமினியம் 660 பாகையில் உருகும். அதற்கு வெகு முன்னரே வலிமையை இழந்துவிடும். ஊதப்படும் கரி அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். கரித்தட்டின் பாரத்தை அதில் தொங்கவிடாதீர்கள். ரிவெட்தான் வேண்டுமென்றால் உருக்கு ரிவெட், அதுவும் மூடிப் பக்கத்துக்கு மட்டும்.

கரித்தட்டுச் சட்டத்துக்கு 6 மில்லிமீட்டர் போல்ட். ஒரு பக்கத் துளை வட்டமாக இருக்கட்டும். மறுபக்கத் துளையை அரத்தால் நீளமாக்குங்கள். காரணம் இது: உருக்கு ஒவ்வொரு பாகைக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. 600 மில்லிமீட்டர்ச் சட்டம் 400 பாகை கூடச் சூடானால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். கறையில் உருக்கு என்றால் 4 மில்லிமீட்டருக்கு மேல். பரலின் வெளிச்சுவர் அவ்வளவு சூடாகாது, ஆகவே அது கூடவே நீளாது. இரண்டு பக்கமும் இறுக்கினால் ஒன்று சட்டம் வில்லாக வளையும், அல்லது பரல் பிதுங்கும். உங்கள் பழைய தொட்டியின் புள்ளிகளில் சிலவற்றைச் சுற்றி வெடிப்பு இருந்ததா என்று பாருங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒட்டின் விளிம்பில்தான் தகடு களைக்கும்.

நைலோன் வளையம் வைத்த நட் வேண்டாம். அது முதல் நாளே உருகிவிடும். சுருள் வாஷரும் சூட்டில் விறைப்பை இழக்கும். இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்குவதே போதும். புரிகளுக்குக் கிரபைட் தூள் தடவுங்கள், அடுத்த முறை கழற்றுவது இலகு. நாகம் பூசிய போல்ட்டைக் கரிக்குப் பக்கத்தில் பயன்படுத்தாதீர்கள். நாகம் 907 பாகையில் கொதிக்கும். கரிப்படுக்கையில் அந்தச் சூடு வரும். அந்தப் புகை குளிர்காய்ச்சல் போன்ற நோயைத் தரும்.

ஒட்டுப்பட்டறை

மாஸ்ரர் சொன்னதே என் கருத்தும். பிணைச்சலை மட்டும் வேறு விதமாகச் செய்யுங்கள். மூடியிலிருந்து எடுத்த பாதியில் என்ன இருக்கிறது, துளையா, கட்டியா? துளை என்றால், அந்த 8 மில்லிமீட்டர் துளைகளை வீணாக்காமல் அவற்றின் வழியாகவே பரலில் நிரப்பி ஒட்டலாம். 2 மில்லிமீட்டர் ஒட்டுக்குச்சி, குறைந்த அம்பியர். துளையின் நடுவில் பரலின் இரும்பைத் தொட்டு உருக்கி, பிறகு விளிம்புக்குச் சுற்றி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆற விடுங்கள், இல்லாவிட்டால் பரல் தகடு ஓட்டையாகும். பிணைச்சல் கரியிலிருந்து தூரம், நீளமும் குறைவு; அங்கே விரிவு பெரிய பிரச்சினை அல்ல. ஆடாமல் இருப்பதுதான் அங்கே முக்கியம்.

ஒட்டுவதற்கு முன் மூடியை மூடிவைத்து, இரண்டு பிணைச்சலின் அச்சும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேரான கம்பி ஒன்றை ஊடாக விட்டுப் பாருங்கள். பரல் வளைவானது, கண்ணை நம்பினால் மூடி ஒரு பக்கம் தூக்கும்.

குளக்கரை

துளை இல்லை அண்ணை, கட்டிதான் இருக்கிறது. மூடியை எறிவதாக முடிவு செய்தபடியால் மூடிப் பக்கமிருந்தே வெட்டினேன். அப்படியானால் பிணைச்சலில் புதுத் துளை போடுவதா?

ஒட்டுப்பட்டறை

வேண்டாம். நல்ல பாகத்தில் எதற்குத் துளை? பரல் மூடியில் துளை போட்டு, உள்பக்கமிருந்து நிரப்பி ஒட்டுங்கள். கட்டியை மட்டமாக உரசிவிட்டு வைத்தால் பிணைச்சல் தகட்டோடு நன்றாகப் படியும். ஒட்டத் தெரியாவிட்டால் சனிக்கிழமை மாங்குளத்துக்குக் கொண்டுவாருங்கள். மூடியையும் கம்பியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

முறிகண்டிக் கடை

தம்பி, மாங்குளம் போகும் வழியில் என் கடையில் இறங்குங்கள். அந்தக் காற்றுத் தகட்டின் அளவை எடுக்க வேண்டும். என்னுடையது தகரத்தில் வெட்டியது, சூட்டில் நெளிந்துவிட்டது. அதே அளவில் இன்னொன்று கறையில் உருக்கில் வெட்டித் தர முடியுமா என்று பட்டறை அண்ணையிடம் கேட்பேன்.

ஒட்டுப்பட்டறை

முடியும். 1 மில்லிமீட்டர்த் தகடு போதும். துவாரத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூட வையுங்கள்.